சென்ட்ரல் லைன் தொற்று: எதை எண்ணுவது, எப்படி எண்ணுவது?

மதுரை மருத்துவமனை ஒன்றின் தொற்றுத் தடுப்புச் செவிலியர் பதிலளிக்கிறார்.

கேள்வி (செவிலியர், திருமங்கலம்): சென்ற மாதம் எங்கள் ஐ.சி.யூ.வில் இருவருக்கு சென்ட்ரல் லைன் (இதயத்தை ஒட்டிய பெரிய இரத்தக் குழாய் வரை செலுத்தும் மெல்லிய குழாய்) வழியாக இரத்தத் தொற்று வந்தது. விகிதத்தை எதால் வகுத்துச் சொல்வது?

பதில்: நோயாளிகளின் எண்ணிக்கையால் அல்ல, லைன் நாட்களால் வகுக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், சென்ட்ரல் லைன் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக் கூட்டி வாருங்கள். ஒருவருக்கு இரண்டு லைன்கள் இருந்தாலும் அன்றைக்கு ஒன்றுதான். மாதத்தில் 240 லைன் நாட்கள், இரண்டு தொற்றுகள் என்றால், ஆயிரம் லைன் நாட்களுக்கு 8.3. நான் கேஸ் ஷீட்டைப் பார்த்து எண்ணுவதில்லை. இரவுப் பணியில் எடுத்துவிட்ட லைன் மறுநாளும் தாளில் இருந்துகொண்டே இருக்கும் என்பதால், படுக்கை படுக்கையாகச் சென்று, கழுத்தையும், போர்வையை விலக்கித் தொடை இடுக்கையும் பார்த்தே குறிக்கிறேன்.

கேள்வி (நோயாளியின் மகன், மேலூர்): அப்பாவின் கையில் வென்ஃப்ளான் (நரம்பில் குத்தி வைக்கும் சிறு ஊசிக்குழாய்) போட்ட இடம் சிவந்து வீங்கியிருக்கிறது. இதுவும் இந்தக் கணக்கில் வருமா?

பதில்: வராது, ஐயா. முனை இதயத்திலோ அதை ஒட்டிய பெரிய இரத்தக் குழாயிலோ இருக்கும் லைன்களுக்கே இந்தக் கணக்கு. ஆனால் சிஸ்டரிடம் உடனே காட்டுங்கள். அதை எடுத்துவிட வேண்டியிருக்கும்.

கேள்வி (மருத்துவர், உசிலம்பட்டி): ஒரே ஒரு கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) பாட்டிலில் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ந்துள்ளது. தொற்றாகக் கொள்ளலாமா?

பதில்: கூடாது. தோல் கிருமி என்றால், தனித்தனியே எடுத்த இரண்டு கல்ச்சர்களில் அது வளர்ந்திருக்க வேண்டும். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல், குளிர் நடுக்கம், இரத்த அழுத்தக் குறைவு ஆகியவற்றுள் ஒன்றும் இருக்க வேண்டும். கிளெப்சியெல்லா போன்ற, தோலில் இயல்பாக வாழாத கிருமி என்றால் ஒரு கல்ச்சரே போதும், அது நுரையீரலிலிருந்தோ சிறுநீர்ப் பாதையிலிருந்தோ வந்ததாக இல்லாதவரை. எதுவானாலும் லைன் போட்டு மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ வந்ததே சேரும்.

கேள்வி (செவிலியர், மதுரை): ஐ.சி.யூ.விலிருந்து நேற்று வார்டுக்கு மாற்றியவருக்கு இன்று தொற்று வந்தால்?

பதில்: ஐ.சி.யூ. கணக்கு.

கேள்வி (நிர்வாகி, திண்டுக்கல்): ஆறு மாதமாக எங்கள் விகிதம் பூஜ்யம். பெருமைப்படலாமா?

பதில்: பூஜ்யம் நடக்காததல்ல. கை கழுவுதல், முழுப் பாதுகாப்பு உடை, தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைத்தல், தொடை இடுக்கில் லைன் போடுவதைத் தவிர்த்தல், தேவையற்ற லைனை எடுத்தல் என்ற ஐந்தைக் கடைப்பிடித்த அமெரிக்காவின் மிச்சிகன் ஐ.சி.யூ.க்களில் இடைநிலை விகிதம் 2.7-இலிருந்து பூஜ்யமாகக் குறைந்ததாக 2006-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆயினும் காய்ச்சல் வந்ததும் கல்ச்சர் எடுக்காமல் ஆன்டிபயாடிக்கை மாற்றிவிடும் இடத்திலும் பூஜ்யம்தான் வரும். அந்த ஆறு மாதங்களில் உங்கள் ஐ.சி.யூ.விலிருந்து எத்தனை கல்ச்சர் பாட்டில்கள் போயின என்பதை ஆய்வகப் பதிவேட்டில் முதலில் எண்ணிப் பாருங்கள்.