ஒரே மெயில் ஐந்து தடவை இறங்கினால் ஹார்ட் டிஸ்க் மாற்ற வேண்டுமா?

கேள்வி: அண்ணே, ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் நண்டு, கணவாய் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறேன். கடை கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டில்தான் மெயில் பார்ப்பது. பத்து நாளாக ஒரே ஆர்டர் மெயில் நாலு தடவை, ஐந்து தடவை இறங்குகிறது. நெட்டுக்கு போன் ஹாட்ஸ்பாட்தான், காற்று வீசினால் சிக்னல் போய்ப் போய் வரும், டேட்டா மத்தியானத்துக்குள் காலி. சர்வீஸ் கடையில் ஹார்ட் டிஸ்க் போச்சு, ஐயாயிரம் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டிஸ்க் போயிருந்தால் மெயில் மட்டுமா தகராறு செய்யும்? கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்கின் நிலையைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாமல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்கள் கணக்கு பாப் முறையில், அதாவது சர்வரில் (மெயில் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில்) இருக்கும் மெயிலை உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறையில், இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அதில் ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் ஓர் அடையாளம் தரும், எதெல்லாம் இறங்கிவிட்டது என்பதை தண்டர்பேர்ட் 'பாப்ஸ்டேட்.டேட்' (popstate.dat) என்ற கோப்பில் குறித்துக்கொள்ளும். லைன் பாதியில் அறுந்தால் அந்தக் குறிப்பு ஒழுங்காக ஏறாமல் போகலாம், அடுத்த தடவை முதல் மெயிலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். சர்வரிலிருந்து அழிக்கும்படி வைத்திருந்தாலும் இதே கதைதான்: 1996-ல் வந்த பாப்3 விதிப்படி, முறையாக விடைபெறாமல் தொடர்பு அறுந்தால் சர்வர் எதையும் அழிக்கக் கூடாது.

மெயில் இறங்கும்போது திரையின் அடியில் பாருங்கள், '34-ல் 12' என்கிற மாதிரி எண் ஓடும். தினமும் ஒரே இடத்தில் நின்றால் அங்கேதான் வில்லங்கம், பெரும்பாலும் யாரோ அனுப்பிய பெரிய போட்டோவோ வீடியோவோ. பிரவுசரில் மெயிலைத் திறந்து, வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு அந்த ஒன்றை அழித்துவிடுங்கள். ஆன்டிவைரஸ் மெயிலை நடுவில் பிடித்துச் சோதித்தாலும் இப்படி ஆகும், அந்த ஒரு வசதியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக மெயில் பார்க்கும்படி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், டேட்டா தீருவது அதில்தான்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் தண்டர்பேர்டை மூடிவிட்டு பாப்ஸ்டேட் கோப்பின் பெயரை மாற்றுங்கள், புதிதாக ஒன்று உருவாகும். ஆனால் சர்வரில் இருக்கும் அத்தனை மெயிலும் ஒரு முறை மறுபடி இறங்கும், அதனால் ஹாட்ஸ்பாட்டில் செய்யாமல் நல்ல வைஃபை உள்ள இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

போனிலும் அதே மெயிலைப் பார்க்கிறவர் என்றால் மெயிலை சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவியிலும் ஒன்றுபோலக் காட்டும் ஐமேப் முறைதான் உங்களுக்குச் சரி. பாப் கணக்கை அப்படியே மாற்ற முடியாது, புதிதாகச் சேர்க்க வேண்டும், பழைய மெயில்களை நகல் எடுக்கும்வரை பழைய கணக்கை நீக்கிவிடாதீர்கள்.

அப்புறம், இன்றைக்கே ஒரு வேலை: ஐந்து தடவை வந்த ஆர்டரில் தேதியையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிமிடம் வரை ஒன்றாக இருந்தால் ஒரே ஆர்டர், இரண்டாவது பெட்டி நண்டுக்கு ஐஸ் போட்டுவிடாதீர்கள்.