மருந்தாளுநர் பதில்கள்: ஆஸ்துமாவில் உங்கள் இலக்கு எது?

கேள்வி: எனக்கு வயது 46. எட்டு வருடங்களாக வீசிங் இருக்கிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மருந்தாளுநர் பெண், பஃப் மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு, "இதனால் உங்களுக்கு என்ன ஆக வேண்டும் அக்கா?" என்று கேட்டார். "வீசிங் வரக் கூடாது" என்றேன். "வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று மறுபடியும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நோயாளி இலக்கு வைப்பதும், அதை மருந்துக் கடையில் பேசுவதும் முறைதானா? – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முறைதான். அந்தப் பெண் கேட்ட இரண்டாவது கேள்வியை, நான் இந்தத் தொழிலுக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே கேட்கக் கற்றுக்கொண்டேன். மருத்துவர் உங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார் என்றால், மருந்தாளுநர் மாதந்தோறும் பார்க்கிறார். எந்த மருந்து சீக்கிரம் தீர்கிறது, எது தீராமல் கிடக்கிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். இந்திய மருந்தியல் குழுமம் 2015-இல் கொண்டுவந்த பணி விதிமுறைகளிலும், மருந்தைப் பற்றி நோயாளியிடம் பேசி விளக்குவது பதிவுபெற்ற மருந்தாளுநரின் வேலையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

உங்களுக்குப் பதில் தெரியாமல் போனதில் வியப்பில்லை. நீண்ட நாள் ஆஸ்துமா உள்ளவர்கள், தங்களை அறியாமலே வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொள்கிறார்கள். மாடிப்படியைத் தவிர்ப்பார்கள், இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூங்குவார்கள், மார்கழிப் பனியில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை மகளிடம் விட்டுவிடுவார்கள். சில வருடங்களில் அதுவே இயல்பாகிவிடுவதால், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்கும்போது "நன்றாக இருக்கிறேன்" என்று மனதாரவே சொல்வார்கள். ஆகவே, இந்த எட்டு வருடங்களில் வீசிங்குக்காக எதையெல்லாம் விட்டீர்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அவற்றுள் திரும்ப வேண்டும் என்று மனம் ஏங்குவது எதுவோ அதுவே உங்கள் இலக்கு.

எடுத்துக்காட்டாக, வரும் மார்கழியில் நீங்களே கோலம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை மருந்தாளுநரிடம் சொன்னால், அவர் அதை நான்கு வாரத்துக்குள் பார்க்கக்கூடிய சிறிய அளவுகளாக மாற்றித் தருவார். இப்போது வாரத்தில் மூன்று இரவு இருமலோடு விழிக்கிறீர்கள் என்றால், முதல் நான்கு வாரத்தில் அதை ஒன்றாகக் குறைப்பது முதல் படி. விழிப்பதற்குக் காரணம் என்ன என்று தேடுவது அடுத்தது: இளைப்பு வராமல் காக்க நாள்தோறும் எடுக்கும் தடுப்பு மருந்தை இரவில் அலுப்பில் விட்டுவிடுகிறீர்களா, பஃப் அடிக்கும் முறை தவறா, பஞ்சுத் தூசியில் முகக்கவசம் இல்லாமல் எட்டு மணி நேரம் உட்காருகிறீர்களா, படுக்கை அறையில் கொசுவர்த்தி எரிகிறதா? எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற முயல்பவர்கள் இரண்டாவது வாரத்திலேயே களைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் தொங்கும் காலண்டரில், விழித்த இரவுகளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த மாதம் மருந்து வாங்கப் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். புள்ளிகள் குறையவில்லை என்றால் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதை மருந்தாளுநர் தாமாகச் செய்ய மாட்டார், செய்யவும் கூடாது. தாளோடு உங்களை மருத்துவரிடம் அனுப்புவார்.

கேள்வி: வயது 67, ஓய்வுபெற்றவன். நீல நிற பம்ப் ஒன்று மாதம் முழுதும் வருகிறது. அடித்த இரண்டு நிமிடத்தில் இளைப்பு அடங்கிவிடுகிறது. என் ஆஸ்துமா கட்டுக்குள் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் மருந்தாளுநர் ஒவ்வொரு முறையும் "டாக்டரைப் பாருங்கள்" என்று வற்புறுத்துகிறார். தேவைதானா? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மிகவும் தேவை, ஐயா. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கவலைதான் வந்தது. சால்பியூட்டமால் உள்ள அந்த நீல பம்பில் பொதுவாக 200 அடிப்புகள் இருக்கும். அது ஒரு மாதத்தில் தீர்ந்தால், நாளொன்றுக்கு ஆறேழு முறை அடிக்கிறீர்கள் என்று பொருள். ஆஸ்துமா நன்றாகக் கட்டுப்பட்ட ஒருவருக்கு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் அந்த மருந்து தேவைப்படாது. தடவைக்கு இரண்டு அடிப்பு என்றாலும் வாரத்துக்கு நான்குதான். அந்தக் கணக்கில் ஒரு பம்ப் ஏறக்குறைய ஒரு வருடம் வர வேண்டும்.

நீல மருந்து மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்துகிறது. குழாயின் உள்ளே இருக்கும் அழற்சியை, அதாவது வீக்கத்தை, அது தொடுவதில்லை. இளைப்பு அடங்கும் நிம்மதியில் அழற்சி வளர்வது தெரியாமல் போகிறது. பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட தேசிய அறிக்கை, இத்தகைய உடனடி நிவாரண மருந்தைப் பயன்படுத்தி இறந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் 12-க்கு மேற்பட்ட பம்ப்கள் எழுதித் தரப்பட்டிருந்ததைக் காட்டியது. உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. மாதம் ஒன்று என்பது அந்த எல்லையிலேயே நிற்கிறது என்பதால் சொல்கிறேன். நிவாரண மருந்தை மட்டும் தனியாக நம்பியிருக்க வேண்டாம் என்றுதான் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜினா அமைப்பும் 2019 முதல் கூறுகிறது. அழற்சியைத் தணிக்கும் மருந்து உங்களுக்கு எழுதப்பட்டிருக்கிறதா, எழுதப்பட்டும் நீங்கள் அடிப்பதில்லையா என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் பேசுங்கள். உங்கள் முதல் இலக்கு எளிது: நீல பம்ப் வாங்கிய தேதியை அதன் அட்டையிலேயே எழுதிவையுங்கள், அடுத்ததை வாங்கும் தேதி தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாதபடி மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நீல மருந்தின் பலன் நான்கு மணி நேரம்கூட நிற்காவிட்டாலோ, இலக்கு, தேதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, கபடி என்றால் உயிர். ஓடினால் இளைப்பதால் உடற்கல்வி ஆசிரியர் ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார். தினமும் ஸ்டீராய்டு பஃப் கொடுத்தால் பழக்கமாகிவிடும், வளர்ச்சி நின்றுவிடும் என்கிறார்களே? – ஒரு தந்தை, மதுரை

பதில்: பஃப் பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்தல்ல. உறிஞ்சும் ஸ்டீராய்டின் அளவு மைக்ரோகிராமில் இருக்கிறது. இந்த வயதில் நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் பியூடசோனைடு என்பது வழக்கமான குறைந்த அளவு. கடும் இளைப்பின்போது தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை 20 மில்லிகிராம் என்றால், அது எடையில் இதைப்போல் நூறு மடங்கு. நாள்தோறும் சிறிதளவு கொடுப்பதே அந்த மாத்திரைக்குத் தேவை வராமல் காக்கிறது. வளர்ச்சி நின்றுவிடாது, முதல் ஓரிரு வருடங்களில் சற்றுக் குறையலாம், பெரியவனான பின் அந்த வித்தியாசம் சுமார் ஒரு சென்டிமீட்டராக இருக்கலாம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால்தான் மருத்துவர் ஒவ்வொரு முறையும் உயரம் அளக்கிறார். கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும்.

இலக்கைப் பையனிடமே கேளுங்கள். "பள்ளிக்கு லீவு போடக் கூடாது" என்பது உங்கள் இலக்கு. அவனுக்கு "ஒரு ஆட்டம் முழுதும் ஆட வேண்டும்" என்பதே பெரிது. அவன் சொன்னதைத் தாளில் எழுதி அவன் மேசையில் ஒட்டினால், காலை மருந்தை அவனே நினைவுபடுத்துவான். ஆட்டத்துக்கு முன் மெதுவாக ஓடி உடலைத் தயார்செய்வது, மருத்துவர் சொல்லியிருந்தால் கால் மணி நேரம் முன்பே நிவாரண மருந்து எடுப்பது, பஃபுக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் ஸ்பேசர் குழாயோடு அடிப்பது, தடுப்பு மருந்துக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்புவது ஆகியவற்றை மருந்தாளுநரிடம் அவனையே அழைத்துப் போய்ப் பழக்குங்கள். பள்ளியில் பஃப் யாரிடம் இருக்கும் என்பதை ஆசிரியரோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கேள்வி: மருந்தியல் பட்டம் பெற்று ஒரு கடையில் வேலை செய்கிறேன். நோயாளியிடம் இப்படிப் பேச ஆசைதான். மாலையில் கூட்டம் நெரிகிறது, முதலாளி முகம் சுளிக்கிறார். என்ன செய்வது? – ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்கள் ஆசை வீண்போகக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 50 மருந்துக் கடைகளில் ஆஸ்துமா நோயாளிகளை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்த திட்டத்தில், நோயின் தீவிரம் தெளிவாகக் குறைந்தது; அதன் முடிவுகள் 2007-இல் வெளிவந்தன. அங்கே இருந்த நேரமும் வசதியும் நமக்கு இல்லை என்பது உண்மை. ஆகவே எல்லோரிடமும் பேச நினைக்காதீர்கள். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் குறைவு என்றால், ஒரு நாளைக்கு ஒருவரை அந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்கள்.

அவரிடம் முதலில், "நீங்கள் அடிப்பதை எனக்குக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பொடியாக உறிஞ்ச வேண்டிய ரோட்டாகேப் கேப்ஸ்யூலைக் கருவியில் போடாமல் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை, இப்படிக் கேட்ட பிறகுதான் கண்டுபிடித்தேன். அவர் ஐந்து மாதமாக என் கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தார். பம்ப் என்றால் மெதுவாகவும், பொடி மருந்து என்றால் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் மாற்றிச் செய்வார்கள். சரிசெய்த பின், கடந்த நான்கு வாரங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள்: பகலில் வாரம் இரண்டு முறைக்கு மேல் இளைத்ததா, இரவில் விழித்தாரா, நிவாரண மருந்து வாரம் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா, எந்த வேலையாவது தடைப்பட்டதா? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை அவர் சொற்களிலேயே சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதம் அந்தச் சீட்டோடு வருவார். பேச்சை அங்கிருந்து தொடருங்கள்.