காலரா வந்த வழி: மரபணுத் தொகுதி ஆய்வு குறித்த கேள்வி பதில்

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டதைக் காவிரி டெல்டா மக்கள் அறிவார்கள். கிருமி வந்த வழியை மரபணுவைக் கொண்டு அறியும் முறை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நுண்ணுயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

ஐயா, ஓர் ஊரில் கண்ட கிருமி எங்கிருந்து வந்தது என்பதை மரபணு எப்படிக் காட்டும்? (ஆசிரியை, காரைக்கால்)

காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே கிருமியின் மரபணுத் தொகுதி, இரண்டு குரோமோசோம்களில் அமைந்த ஏறத்தாழ 40 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளின் (A, T, G, C) வரிசை. கிருமி பெருகப் பெருக, அவற்றில் எங்கேனும் ஓரெழுத்து மாறும். அந்த மாற்றம் வழிவழியாகத் தொடரும். 1961இல் இந்தோனேசியாவின் சுலவேசியில் தொடங்கி இன்றும் நீடிக்கும் ஏழாம் உலகப் பரவலின் கிருமிகளில், ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று எழுத்துகள் மாறுகின்றன. ஒரே மாற்றங்களைக் கொண்டவை ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்று கொண்டு, கால்வழி மரத்தை வரைகிறோம். 2011இல் வெளியான ஆய்வு, பல நாடுகளில் சேமித்திருந்த 154 கிருமிகளை இவ்வாறு ஒப்பிட்டு, வங்கக் கடலை ஒட்டிய பகுதியிலிருந்து காலரா மூன்று அலைகளாக உலகெங்கும் சென்றதைக் காட்டியது.

ஹைத்தியில் நேபாளக் கிருமிதான் பரவியது என்பது உறுதியா? (கல்லூரி மாணவர், மயிலாடுதுறை)

உறுதி. 2010 அக்டோபரில் அந்தக் கரீபியன் நாட்டில் காலரா தோன்றியது. நேபாளத்தில் எடுத்த 24 கிருமிகளை ஒப்பிட்டபோது, அவற்றுள் சில ஹைத்திக் கிருமியிலிருந்து ஓரிரண்டு எழுத்துகளே வேறுபட்டிருந்தன. ஆயினும் மரபணு உறவை மட்டுமே சொல்லிற்று. ஹைத்தியில் இருந்த ஐ.நா. அமைதிப்படையின் நேபாள வீரர் முகாமின் கழிவு ஆர்ட்டிபோனிட் ஆற்றின் கிளையில் கலந்ததையும், முதல் நோயாளிகள் முகாமுக்குக் கீழ்ப்புறத்து ஊரில் இருந்ததையும் களத்தில் நடந்து விசாரித்தவர்களே கண்டார்கள்.

அப்படியானால் எந்தத் தெருக் குழாயில் கழிவு கலந்தது என்றும் மரபணு சொல்லிவிடுமா? (கும்பகோணம்)

சொல்லாது. ஆண்டுக்கு மூன்று எழுத்து மாறும் கிருமி, இரண்டு வாரத்தில் அடுத்தடுத்த தெருக்களில் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கும். அங்கே குழாய்களைத் தோண்டிப் பார்ப்பதும் குளோரின் அளவைச் சோதிப்பதுமே வழி.

அரசலாற்று முகத்துவாரத்து உப்புத் தண்ணீரில் இக்கிருமி இருக்குமா? (விவசாயி, திருவாரூர்)

இத்தகைய கழிமுகங்களில் நுண்மிதவை உயிரிகளோடு ஒட்டி விப்ரியோ காலரே இயல்பாகவே வாழும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காலரா நச்சை உண்டாக்கும் மரபணு கிடையாது; அம்மரபணுவைக் கிருமிக்குக் கொண்டுவருவது ஒரு வைரஸ் என்பது 1996இல் தெரியவந்தது. ஆகவே தண்ணீரில் விப்ரியோ என்ற செய்தியைக் கேட்டு அஞ்சுவதற்கு முன், அந்த மரபணு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

மாதிரியை எப்படி எடுத்து அனுப்ப வேண்டும்? (செவிலியர், நாகப்பட்டினம்)

சகோதரி, இவ்வளவு ஆய்வும் உங்கள் கையில்தான் தொடங்குகிறது. வாந்திபேதியோடு வருபவருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுப்பதை எதற்காகவும் தாமதிக்க வேண்டாம். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன் மல மாதிரியை எடுத்துவிடுங்கள். பஞ்சுக்குச்சியை, வழியில் கிருமியை உயிரோடு காக்கும் கேரி–பிளேர் ஊடகத்தில் அடிவரை செருகி மூடினால் போதும், ஐஸ் வேண்டியதில்லை. ஆய்வகத்தில் விப்ரியோவை வளர்க்கும் டி.சி.பி.எஸ். தட்டில் மறுநாள் காலை தட்டையான, பளபளக்கும் மஞ்சள் புள்ளிகளாகக் கிருமி வளர்ந்திருக்கும். குப்பியின்மேல் நோய் தொடங்கிய நாள், தெரு, குடித்த தண்ணீர் குழாயா, அடிபம்பா, லாரியா என்பதைத் தவறாமல் எழுதுங்கள். அந்தச் சீட்டு இல்லாத மரபணு வரிசையைக் கால்வழி மரத்தில் பொருத்தலாமே தவிர, அதைக் கொண்டு எந்தத் தெருவையும் காப்பாற்ற முடியாது.