டெட்லைன், ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரையில் 'டெட்லைன்' என்ற சொல்லைக் கண்டேன். கைதி தாண்டினால் சுடப்படும் சிறைக்கோட்டிலிருந்து அது நேராக வந்தது என்று வாட்ஸப்பில் ஒரு சுவையான தகவல் படித்தேன். உண்மையா? தமிழில் எப்படி எழுதலாம்?

க.

அன்புள்ள க.,

தமிழில் காலக்கெடு என்று எழுதுங்கள், போதும். சிறையில் அப்படியொரு கோடு இருந்ததும், அதற்கு அப்பெயர் வழங்கியதும் உண்மைதான். ஆனால் இன்றைய பொருள் அங்கிருந்து நேராக வந்தது என்று சொல்ல முடியாது. அச்சு இயந்திரத்தில் எழுத்துகள் பதியாத எல்லையைக் காட்டும் கோட்டுக்கும் அப்பெயர் இருந்தது. நேர எல்லை என்னும் பொருள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் வேரூன்றியது.

என்னை உறுத்தியது 'சுவையான தகவல்' என்பதுதான். சொற்களின் வரலாற்றைத் துணுக்காக்கி அனுப்பும் பழக்கத்தின் மேல் எனக்கு நெடுநாளாகக் கோபம் உண்டு. தாண்டினால் சுடுவார்கள் என்று அறிந்த மனிதன் ஏன் அங்கே போனான் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லையா?

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், தென்மாநிலங்களின் தரப்பு ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில்லில் அமைத்த சிறை 10,000 பேருக்கானது. அவ்வாண்டு ஆகஸ்டில் அங்கே வடமாநிலங்களின் படையைச் சேர்ந்த 30,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். மதில் மரங்களுக்குச் சுமார் 19 அடி உள்ளே, குச்சிகள் நட்டு மேலே சட்டம் அறைந்த இடுப்புயர வேலி. அதுதான் அந்தக் கோடு. காவலர் முகாமின் கழிவைச் சுமந்துகொண்டு உள்ளே நுழைந்த ஓடையே குடிநீர். அது நுழையும் இடத்தில்தான் கொஞ்சமாவது தெளிந்த நீர் கிடைக்கும். அந்த இடமோ கோட்டை ஒட்டியது. வேலிக்கு அடியில் குவளையை நீட்டியவர்கள் சுடப்பட்டார்கள். தோட்டாவைவிட வயிற்றுப்போக்கும், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயும்தான் அதிகம் பேரைக் கொன்றன. இறந்தவர்கள் சுமார் 13,000 பேர்.

நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியவர் டோரன்ஸ் ஆட்வாட்டர். இருபது வயதுகூட நிரம்பாத அந்தக் கைதியை இறந்தோர் பதிவேட்டை எழுத அமர்த்தினார்கள். பெயர்கள் ஊருக்குப் போய்ச்சேராது என்று அஞ்சி, அவர் ரகசியமாக இன்னொரு படி எடுத்து வெளியே கொண்டுவந்தார். 1865 கோடையில், போரில் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்த கிளாரா பார்ட்டனும் அவரும் அங்கே சென்றபோது, கல்லறைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் எழுத முடிந்தது அந்தப் பட்டியலால்தான். அதே பட்டியலைத் திருடியதாகக் குற்றம்சாட்டி அவரது சொந்த அரசே அவரைச் சிறையிலிட்டது. விடுதலைக்குப் பிறகு, 1866இல், அது அச்சாகி வெளிவந்தது.

பிள்ளையோ தம்பியோ எங்கே இறந்தான் என்று தெரியாமலிருந்த குடும்பங்கள் அதில் பெயரைத் தேடியிருக்கும். அந்தத் துணுக்கை இனி யாருக்கும் அனுப்புவதானால் ஆட்வாட்டரைப் பற்றியும் நான்கு வரி சேர்த்து அனுப்புங்கள்.