தங்கச்சிமடத்து அக்காவுக்கு: போர்ட்டல் வேலைக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

அக்கா, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். மகள் பிசிஏ முடித்துவிட்டாள். பெங்களூரில் ஒரு கம்பெனி ‘போர்ட்டல், சிஎம்எஸ் டெவலப்பர்’ என்று வேலை தருகிறது. அதே நேரத்தில் ஒரு பயிற்சி நிலையம், 60 ஆயிரம் கட்டினால் ஏஐ சொல்லித்தருகிறோம், அந்தப் பழைய வேலைக்குப் போகாதே என்று தினமும் போன் போடுகிறது. செயினை அடகு வைக்கலாமா என்று கேட்டீர்கள். செயின் உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் அது என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. செயற்கைக்கோள் வழியாகக் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, எந்தப் பக்கம் மீன் கூடும் என்று சொல்கிறார்கள். அண்ணனுக்கு இது தெரிந்திருக்கும். ஒரே தகவல்தான், ஆனால் இணையதளத்தில் வருகிறது, செல்போனுக்கு வருகிறது, துறைமுகங்களில் மின்பலகையிலும் ஓடுகிறது. இப்படிப் பல இடத்துக்குப் போகும் தகவலை ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவர் உட்கார்ந்து தனியாகத் தட்டச்சு செய்தால் என்ன ஆகும்? ஓரிடத்தில் திருத்துவார்கள், இன்னோரிடத்தில் நேற்றையது அப்படியே நிற்கும். கடலுக்குப் போகிறவனுக்கு அது விளையாட்டு இல்லை. அதனால் பெரிய நிறுவனங்கள் தகவலை ஒரே இடத்தில் எழுதி, மேலதிகாரி சரிபார்த்த பிறகு வெளியிடுகின்றன. அந்த மென்பொருள்தான் சிஎம்எஸ். வலைப்பக்கமோ செல்போன் செயலியோ அதனிடம் ‘இன்றைய அறிவிப்பைக் கொடு’ என்று கேட்டு வாங்கும் வழிதான் ஏபிஐ.

போர்ட்டல் என்பது இன்னும் எளிது. வங்கி ஊழியர் காலையில் ஒரு பக்கத்தைத் திறந்தால் சம்பளச் சீட்டு, விடுப்பு, சுற்றறிக்கை எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் வேறு வேறு மென்பொருள். அவற்றை ஒரே பக்கத்தில் சேர்த்து, யார் எதைப் பார்க்கலாம் என்று பிரித்து வைப்பதுதான் உங்கள் மகளின் வேலை.

பழைய வேலை என்று சொல்கிறார்களே, அதில் பாதி உண்மை. அந்தக் கட்டங்களுக்கு ஜாவா என்ற நிரல் மொழியில் போர்ட்லெட் என்று பெயர். அதற்கான முதல் பொதுத்தரம் 2003-இல் வந்தது. அப்புறம் 2008-இல் ஒன்று, 2017-இல் ஒன்று. மென்பொருளின் பெயரும் முதலாளியும் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. ஐபிஎம் வைத்திருந்த வெப்ஸ்பியர் போர்ட்டல் 2019-இல் எச்சிஎல் கைக்குப் போய், இப்போது வேறு பெயரில் நடக்கிறது. வேர்ட்பிரஸ் என்ற சிஎம்எஸ் 2016 டிசம்பரில் 4.7 பதிப்போடு ரெஸ்ட் என்ற வகை ஏபிஐயைத் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. ட்ரூபல் என்ற இன்னொரு சிஎம்எஸ் 2019-இல் ஜேசன் ஏபிஐ என்ற வகையைச் சேர்த்தது. வலையில் கேட்டு வாங்கும் அந்த ரெஸ்ட் முறையை ராய் ஃபீல்டிங் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதியது 2000-இல். கால் நூற்றாண்டு தாண்டியும் அதுதான் ஓடுகிறது. ஒரு மென்பொருளின் பெயரை மட்டும் நம்பிப் போகிறவர்கள்தான் சிக்குகிறார்கள். கேட்பதும் கொடுப்பதும் அனுமதிப்பதும் எப்படி நடக்கிறது என்று புரிந்தவர்களுக்கு அடுத்த மென்பொருளுக்கு மாறச் சில மாதம் போதும்.

ஏஐ வந்தால் இது போய்விடாதா என்று கேட்டீர்கள். தொடக்கநிலை நிரலை அது விரைவாக எழுதித்தருகிறது. பார்த்து ஒட்டுவதை மட்டும் தெரிந்து வைத்திருக்கிற பிள்ளைக்கு அது நிச்சயம் ஆபத்து. ஆனால் ஒரு கம்பெனியின் ஏஐ உதவியாளர், அந்தக் கம்பெனியின் ஆவணத்தைப் படித்துப் பதில் சொல்ல வேண்டுமானால் அதுவும் இதே ஏபிஐ வழியாகத்தான் வர வேண்டும். யாருக்கு எதைக் காட்டலாம் என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது.

இந்தப் பகுதியைப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுங்கள்.

பாப்பா, சேருவதற்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. உன் மடிக்கணினியில் 4 ஜிபிதான் என்று அம்மா சொன்னார்கள். லைஃப்ரே என்ற போர்ட்டல் மென்பொருளை அதில் போட்டால் தவழும், இப்போதைக்கு வேண்டாம். வேர்ட்பிரஸை இறக்கிக்கொள், இலவசம். இறங்குதளத்து மீன் விலைக்கு ஒரு தளம் செய். மீனின் பெயர், எடை, விலை, தேதி என்று தனித்தனிப் புலமாக வை. எல்லாவற்றையும் ஒரே கட்டுரையாக எழுதிவிடாதே. சீலா விலையை மட்டும் கேட்டால் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். எழுதுகிறவர், சரிபார்க்கிறவர், வாசிக்கிறவர் என்று மூன்று பேரை உருவாக்கு. பிறகு வேறொரு வெறும் பக்கத்திலிருந்து ஏபிஐ வழியாக விலையைக் கேட்டுப் பார்.

கேட்கும்போது 401 என்று வந்தால், நீ யார் என்றே அதற்குத் தெரியவில்லை. 403 என்றால், நீ யாரென்று தெரியும், ஆனால் உனக்கு அனுமதி இல்லை. அப்பா மீன்துறை டோக்கன் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது இல்லையா, அதுபோல இங்கேயும் டோக்கன் உண்டு. அதற்கும் காலாவதி உண்டு. முதல் வருடத்தில் உன்னிடம் வரும் புகார்களில் நிறைய இதுவாகத்தான் இருக்கும். 50 மீன் பதிந்திருப்பாய், பத்துதான் திரும்ப வரும். பயப்படாதே, வேர்ட்பிரஸ் தானாக ஒரு பக்கத்துக்குப் பத்துதான் தரும். அதிகபட்சம் 100 வரை கேட்கலாம், அதற்கு மேல் அடுத்த பக்கத்தைக் கேட்க வேண்டும்.

தமிழில் பதிவு செய்வதை விட்டுவிடாதே. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘மீ’ என்ற ஓர் எழுத்துக்கு 6 பைட் இடம் போகும், ஆங்கில எழுத்துக்கு ஒன்றுதான். பைட் கணக்கில் அளவு வைத்த இடங்களில் தமிழ்த் தலைப்பு பாதியில் அறுந்துபோவது இதனால்தான். இதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்த பிள்ளைக்கு இந்திய மொழித் தளங்கள் செய்யும் குழுவில் தனி மதிப்பு உண்டு.

சரி அக்கா, இனி உங்களோடு. சில வருடம் முன்பு தேவிபட்டினத்துப் பையன் ஒருவனிடம் இதே வேலையை வேண்டாம் என்று நான் சொன்னேன். செல்போன் செயலிதான் எதிர்காலம் என்று அப்போது நம்பினேன். நல்லவேளை, அவன் கேட்கவில்லை. இன்று போர்ட்டல் குழுவில் நான்கு பேருக்கு மூத்தவனாக இருக்கிறான். செயலிக்கும் பின்னால் ஏபிஐதான் நிற்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அதனால் இந்த முறை விசாரித்துவிட்டுத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போகலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் கம்பெனியிடம் நான்கு விஷயம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கச் சொல்லுங்கள். எந்த மென்பொருளில் வேலை? நிரல் எழுதும் வேலையா, கட்டுரைகளை ஏற்றும் வேலை மட்டுமா? இரண்டாவது என்றால் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா? இத்தனை வருடம் விடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்ட் எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும்? அசல் சான்றிதழைக் கேட்டால் கொடுக்கவே கூடாது. சரிபார்க்கக் காட்டலாம், கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும். வேலைக்காக ஒரு ரூபாய் கட்டச் சொன்னாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தூரத்தைப் பற்றி அண்ணனுக்குக் கவலை இருப்பது நியாயம்தான். விடுதி முகவரியைக் கையில் வாங்கிக்கொண்டு, முதல் வாரம் நீங்களும் கூடப் போய் இருந்துவிட்டு வாருங்கள்.

வேலைக் கடிதத்தை இன்று இரவே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பாண்ட் எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் வெளிச்சத்தில் வைத்துத் தெளிவாகப் படம் எடுங்கள், போன தடவை அந்த இடம்தான் மங்கலாக இருந்தது.