வத்திக்கான் பதவிகள்: உங்கள் பட்டியல் தப்பில்லை

"போப் இறந்தால் எல்லாப் பதவியும் போய்விடும் என்கிறார்கள், ஆனால் பரோலின் பெயர் பிரான்சிஸ் காலத்திலும் இருக்கிறது, லியோ காலத்திலும் இருக்கிறது. எதை எழுதுவது?" என்று நீங்கள் தயாரிக்கும் வத்திக்கான் பதவிப் பட்டியலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான்.

2025 ஏப்ரல் 21 அன்று பிரான்சிஸ் மறைந்தபோது, வத்திக்கான் அரசுச் செயலகத் தலைவரான கர்தினால் பரோலின் உட்படத் துறைத் தலைவர்கள் பதவி இழந்தார்கள். துறைச் செயலாளர்கள் அன்றாட வேலையைப் பார்த்தார்கள். விலகாத சிலரில் முக்கியமானவர் கமெர்லெங்கோ, அதாவது போப் இல்லாத இடைவெளியில் நிர்வாகத்தைக் கவனிப்பவர்; அப்போது அது கர்தினால் ஃபாரெல். அன்றிரவே திருத்தந்தையின் குடியிருப்புக் கதவுக்கு நாடா கட்டி, அரக்கு முத்திரை வைத்தவர் அவர்தான். அதிகாரம் கைமாறும் இடைவெளியை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் அரசு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மே 8 அன்று லியோ புதிய போப்பாகத் தேர்வானார். மறுநாளே, மறு ஏற்பாடு வரும்வரை பழையவர்கள் தொடரட்டும் என்றார். அதனால்தான் அதே பெயர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: வத்திக்கான் நகரத்தை நிர்வகிக்கும் ஆளுநரகம் தனி அமைப்பு. 2025 மார்ச் 1 முதல் அதன் தலைவர் சகோதரி ரஃபேல்லா பெத்ரினி, அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். அவரைத் திருப்பீடத் துறைகளோடு (உலகத் திருச்சபையை நிர்வகிக்கும் துறைகளோடு) சேர்க்காமல் தனிப் பத்தியில் போடுங்கள். பரோலினுக்கு ஏப்ரல் 21, மே 9 இரண்டு தேதிகளையும் குறித்துவிடுங்கள்.