எறும்பு எழுத்தும் ஆறு அங்குலத் திரையும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் பேரன் கிண்டில் என்னும் மின்னூல் வாசிப்பான் ஒன்றை வாங்கிக் கொடுத்து, மதுரைத் திட்டத்தின் தளத்திலிருந்து கம்பராமாயணத்தைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கி அதில் ஏற்றியும் தந்தான். எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கின்றன. இரண்டு விரல்களால் விரித்தால் பாட்டில் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் வேலை செய்யவில்லை. கருவியில் ஏதேனும் பழுதா?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கும்பகோணம்)

பதில்: கருவி நன்றாகவே இருக்கிறது, அதற்குக் கொடுத்த கோப்பின் வகைதான் பொருந்தவில்லை. பிடிஎஃப் என்பது 1993-இல் அடோபி நிறுவனம் அறிமுகப்படுத்திய வடிவம். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டாலும் பக்கம் இம்மியும் பிசகாமல் ஒரே மாதிரி வரவேண்டும் என்பதற்காகவே அது உருவாக்கப்பட்டது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி உடையும். வரி உடைந்தால் பக்கம் மாறும். பக்கம் மாறக் கூடாது என்பதற்காகவே பிறந்த வடிவம் அதற்கு எப்படி இடம் கொடுக்கும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். ஆறு அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். முழுப் பக்கமும் திரைக்குள் அடங்க வேண்டுமானால் அது 43 விழுக்காடாகச் சுருங்கியாக வேண்டும். தாளில் 12 புள்ளி அளவில் இருந்த எழுத்து திரையில் 5 புள்ளிக்கு வந்துவிடுகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில்கூட எழுத்து ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும். அதில் கம்பனைப் படிக்க வேண்டியதில்லை.

நல்ல வேளையாக, நீங்கள் படிக்க விரும்பும் நூலுக்கு எளிய வழி இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், பெரும்பாலான நூல்களைப் பிடிஎஃப் வடிவில் மட்டுமல்லாமல், ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தில் அமைந்த இணையப் பக்கமாகவும் தருகிறது. அந்தப் பக்கத்தைக் கணினியில் சேமித்து, பிடிஎஃப்புக்குப் பதிலாக அதைக் கருவிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்போது திரைக்கு வருவது எழுத்து. பக்கத்தின் படம் அன்று. வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வரிகள் தாமாகவே மடிந்துகொள்ளும்.

செய்யுளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். விருத்தத்தின் நீண்ட அடிகள் பெரிய எழுத்தில் ஒரே வரிக்குள் நிற்காமல் உடைந்து அடுத்த வரிக்கு இறங்கும். சீர் பிரித்துப் படித்துப் பழகிய உங்கள் கண்ணுக்கு அது உறுத்தும். கருவியின் அமைப்பில் கிடைமட்ட நோக்கைத் தேர்ந்தெடுத்துப் படுக்கை வாட்டில் வைத்துக்கொண்டால் வரியின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். உரைநடைக்கு இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: உள்ளூர் வரலாறு பற்றிய இரண்டு பிடிஎஃப் நூல்களைக் காலிபர் மென்பொருளில் இபப் என்னும் மின்னூல் வடிவுக்கு மாற்றினேன். ஒன்றில் தமிழே இல்லை, வெறும் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கொட்டிக் கிடக்கின்றன. மற்றதில் ‘கொடுத்தான்’ என்பது ‘ெகாடுத்தான்’ என்று வருகிறது. மென்பொருளை மாற்ற வேண்டுமா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: எந்த மென்பொருளை வைத்து மாற்றினாலும் இதே விளைவுதான் கிடைக்கும், ஏனெனில் இரண்டு கோப்புகளிலும் சிக்கல் மூலத்திலேயே இருக்கிறது. மாற்றத் தொடங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்யும் பழக்கத்தை எல்லா வாசகர்களுக்கும் பரிந்துரைக்கிறேன்: பிடிஎஃப்பில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வெற்றுக் கோப்பு ஒன்றில் ஒட்டிப் பாருங்கள். பிழையில்லாத தமிழ் வந்தால் தயங்காமல் மாற்றலாம். ஒட்டியது வேறு மாதிரி வந்தால், அரை நாள் உழைப்பை அந்த அரை நிமிடம் மிச்சப்படுத்தும்.

உங்கள் முதல் நூல் ஒருங்குறி பரவலாவதற்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல் கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு என்ற வேடத்தைக் கலைத்தால் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டில் டாம், டாப் என்னும் குறியீடுகள் வகுக்கப்பட்டன. டிஸ்கி என்பது வேறொரு குறியீடு. வானவில் எழுத்துரு தனி வழியில் சென்றது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். ஆகவே உங்கள் நூல் எந்த எழுத்துருவில் உள்ளது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பிடிஎஃப்பின் பண்புகளைக் காட்டும் பெட்டியில் எழுத்துருவின் பெயர் இருக்கும். பிறகு பொங்குதமிழ், என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் அந்தப் பெயரைத் தேர்ந்து உரையை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டு, அதற்குப் பின்னரே காலிபருக்குப் போக வேண்டும்.

இரண்டாம் நூலின் கதை வேறு. ஒருங்குறியில் ‘கெ’ என்பதைச் சேமிக்கும்போது ககரம் முதலிலும் ஒற்றைக் கொம்பு அதற்குப் பின்னும் வைக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போதுதான் கொம்பு முன்னால் நகர்கிறது. பிடிஎஃப்போ பல சமயங்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையையே பதிவு செய்துவிடுகிறது. அதிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும்போது கொம்பு முன்னால் அநாதையாக நின்றுவிடுகிறது. இதை ஒவ்வொன்றாகத் திருத்த முனைவது வீண் வேலை என்பது என் கருத்து. பக்கங்களைப் படமாகக் கருதி, படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரியிடம் கொடுத்து மீண்டும் படிக்கச் செய்வதே விரைவானது. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

நூலின் ஆசிரியரோ பதிப்பாளரோ தெரிந்தவராக இருந்தால், மூலக் கோப்பையே கேட்டு வாங்கி விடுங்கள். வேர்டு கோப்பு கிடைத்துவிட்டால் இந்தப் பாடு எதுவும் இல்லை.

கேள்வி: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலங்கையின் நூலகம் தளத்திலும் உள்ள பழைய நூல்கள் ஸ்கேன் செய்த படங்களாகவே இருக்கின்றன. அவற்றை வாசிப்பானில் படிக்க முடியுமா?
(ஆய்வு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: முடியும்; எவ்வளவு உழைக்க அணியமாக இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரியும்.

உழைப்புக் குறைந்த வழி, படத்தைப் படமாகவே வைத்துக்கொண்டு திரைக்கேற்ப வெட்டி ஒட்டுவது. கே2பிடிஎஃப்ஆப்ட் என்னும் இலவச நிரல் ஸ்கேன் பக்கத்தின் வெற்று ஓரங்களைக் களைந்து, சொற்களின் இடைவெளிகளைக் கண்டறிந்து, ஒவ்வொரு சொல்லையும் ஒரு சிறு படமாக நறுக்கி, ஆறு அங்குல அகலத்துக்குள் மீண்டும் அடுக்கிக் கொடுக்கும். அது எந்த மொழியையும் அறியாது. அதனால் தமிழைச் சிதைக்கவும் அதற்குத் தெரியாது. அட்டவணைகளும் இரண்டு பத்திப் பக்கங்களும் மட்டும் சில நேரம் குழம்பும். படித்து முடித்து ஒதுக்கி வைக்கப்போகும் நூலுக்கு இதுவே போதும்.

மீண்டும் மீண்டும் தேடி எடுத்து மேற்கோள் காட்டப்போகும் நூலுக்கு எழுத்துணரி தேவை. கூகுள் டிரைவில் கோப்பை ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் அது தமிழைப் படித்து உரையாகத் தரும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்கும்படி பகுதி பகுதியாகப் பிரித்து ஏற்றுவது நல்லது. பிழை திருத்திய பிறகு அங்கிருந்தே இபப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இந்த வசதி அங்கே இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

பிழை திருத்தும்போது 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தை நினைவில் வையுங்கள். அதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற கொம்புடனும், ணா, றா, னா ஆகியவையும் அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும் கீழே வளைந்த சுழியுடனும் இருக்கும். எழுத்துணரி மிகுதியாகத் தடுமாறுவது இந்தப் பதின்மூன்று எழுத்துகளில்தான். ஒரு நூலில் அது ‘லை’யை எதுவாகப் படிக்கிறது என்பதை முதல் பத்துப் பக்கங்களில் கண்டுகொண்டால், மிச்சத்தைத் தேடி மாற்றும் கட்டளையாலேயே பெருமளவு சரிசெய்துவிடலாம். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுமுன் மூலப் பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: வழக்கறிஞராக இருக்கிறேன். முந்நூறு பக்கத் தீர்ப்புகளைக் கணினித் திரையில் படித்துக் கண் எரிகிறது. வாசிப்பானுக்கு அனுப்ப மின்னஞ்சல் நல்லதா, கம்பி நல்லதா?
(வாசகர், மதுரை)

பதில்: வெளியான தீர்ப்பு என்றால் மின்னஞ்சல், கட்சிக்காரரின் ஆவணம் என்றால் கம்பி. மின்னஞ்சலில் அனுப்புவது கிண்டிலைத் தயாரிக்கும் அமேசானின் வழங்கிக்கு, அதாவது சர்வருக்குப் போய், அங்கே ஒரு நகல் தங்கி, பிறகே உங்கள் கருவிக்கு இறங்குகிறது. அதனால் நீங்கள் விட்ட பக்கத்தைக் கைப்பேசியிலும் தொடர முடிகிறது. ஆனால் பிறர் நம்பி ஒப்படைத்த தாள்களை அந்த வழியில் விடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

ஒவ்வொரு கிண்டிலுக்கும் தனி மின்னஞ்சல் முகவரி உண்டு. அமேசான் கணக்கில், தனிப்பட்ட ஆவணங்களுக்கான அமைப்புப் பகுதியில் அது இருக்கும். நீங்கள் அனுப்பப் பயன்படுத்தும் முகவரியை அதே பகுதியில் அனுமதிப் பட்டியலில் சேர்க்காவிட்டால் ஆவணம் வந்து சேராது. “அனுப்பினேன், வரவில்லை” என்று எழுதும் வாசகர்களில் பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிச் சென்றவர்கள். மின்னஞ்சலில் 50 எம்பி வரையும், சென்ட் டு கிண்டில் இணையப் பக்கத்தின் வழியாக 200 எம்பி வரையும் அனுப்பலாம். 2022 முதல் இபப் கோப்பும் ஏற்கப்படுகிறது. அதே இபப்பைக் கம்பி வழியாக நகலெடுத்தால் கிண்டில் அதைத் திறக்காது. முதலில் காலிபரில், கிண்டில் படிக்கும் ஏஇசட்டபிள்யூ3 வடிவுக்கு மாற்ற வேண்டும். கோபோ கருவிகளுக்கு இந்த மாற்றம் தேவையில்லை, அவை இபப்பை நேராகவே படிக்கும்.

கம்பியை இணைத்ததும் கருவி கணினியில் ஒரு வட்டுபோல் தெரியும். டாக்குமெண்ட்ஸ் என்ற கோப்புறைக்குள் கோப்பைப் போட்டால் போதும். தெரியவில்லை என்றால் முதலில் கம்பியைச் சந்தேகப்படுங்கள், ஏனெனில் வீட்டில் கிடக்கும் கம்பிகளில் சில மின்னேற்றம் மட்டுமே செய்யும், தரவைக் கடத்தாது. 2024-இல் வந்த கிண்டில்கள் மேக் கணினியில் தாமாகத் தெரிவதில்லை. அதற்கெனத் தனி மென்பொருள் நிறுவ வேண்டும்.

ஆங்கிலத் தீர்ப்பு என்பதால் உங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பிடிஎஃப்பை இணைத்து, மின்னஞ்சலின் பொருள் வரியில் ‘கன்வர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் எழுதி அனுப்பினால், அது எழுத்தைப் பெரிதாக்கக்கூடிய வடிவுக்கு மாறி வரும். பக்க எண்ணும் அடிக்குறிப்பும் உரைக்கு நடுவே புகுந்துவிடும். பத்தி எண்கள் இருப்பதால் மேற்கோள் காட்ட அது தடையாகாது. தமிழ் பிடிஎஃப்புக்கு இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை, காரணத்தைத் திருநெல்வேலி வாசகருக்கு எழுதியிருக்கிறேன்.

பக்கம் மாறாமலே படிக்க வேண்டுமென்றால் ஓரங்களை வெட்டிவிட்டுப் படுக்கை வாட்டில் வையுங்கள். இருபுறமும் இரண்டரை சென்டிமீட்டர் வெற்று ஓரத்தை நீக்கினால் உரையின் அகலம் 16 சென்டிமீட்டர். படுக்கை வாட்டில் திரையின் அகலம் ஏறத்தாழ 12. அப்போது 12 புள்ளி எழுத்து 9 புள்ளியாகத் தெரியும், தாராளமாகப் படிக்கலாம். நாள்தோறும் இதே வேலை என்றால் பத்து அங்குலத் திரை கொண்ட கருவியை வாங்குவது வீண் செலவாகாது.

கேள்வி: டெலிகிராம் குழுக்களில் வரும் புதிய நாவல்களை ஏற்றிப் படிக்கலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கூடாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. 1964-இல் மறைந்த ஒருவரின் எழுத்து 2025 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. அவற்றோடு நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும், ஆசிரியர்களே இலவசமாக வெளியிட்டவையும் இருக்கின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் அத்தகைய நூல்கள் இபப் வடிவிலும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப் வடிவிலும் கிடைக்கின்றன.

கேள்வி: நான் எழுதிய வேர்டு கோப்புகளை வாசிப்பானில் போட்டுப் பிழை திருத்துகிறேன். எழுத்து தெளிவாகவே இருக்கிறது. ஆனால் வரிகளில் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய பள்ளங்கள் விழுகின்றன. எப்படித் தவிர்ப்பது?
(சிறுகதை எழுத்தாளர், யாழ்ப்பாணம்)

பதில்: தமிழில் சொல் நீளம். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால், ஒன்பது சென்டிமீட்டர் வரியில் அதுவே பாதியை அடைத்துக்கொள்ளும். மேல்வரியில் இடம் போதாமல் அது கீழே இறங்கும்போது, எஞ்சிய மூன்று சொற்களை இரு ஓரமும் தொடும்படி இழுத்து நிறுத்துவதால் பள்ளம் உண்டாகிறது. அச்சில் கோப்பவர் சொல்லை அசையறிந்து உடைத்துச் சமாளிப்பார். கருவிக்கு அந்தத் தேர்ச்சி இல்லை.

இரு ஓரச் சீரமைப்பைக் கைவிட்டு, இடப்புறம் மட்டும் சீராக இருக்கும்படி மாற்றுங்கள். வாசிப்பானின் எழுத்து அமைப்பில் அந்தத் தெரிவு இருந்தால் அங்கேயே மாற்றலாம். இல்லாவிட்டால் காலிபரில் மாற்றும்போது தோற்றம் பற்றிய பகுதியில் இடப்புறச் சீரமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓரத்தை மிகக் குறுகியதாக வைத்து, எழுத்தின் அளவை ஒரு படி குறைத்து, வரிகளின் இடைவெளியை ஒரு படி கூட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்துக்கு மேலே விசிறியும் புள்ளியும், கீழே கொக்கியும் சுழியும் இருப்பதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி நமக்கு நெருக்கடியாகத் தெரியும். அனுப்புமுன் கோப்பின் தலைப்பையும் உங்கள் பெயரையும் காலிபரில் நிரப்பிவிடுங்கள். இல்லையேல் பத்துக் கதைகளும் அடையாளம் தெரியாத ஆசிரியர் ஒருவரின் பெயரில் வரிசையாக நிற்கும்.